ஊழியர்கள் ஒழிந்த கம்பெனி

பச்சைவேகம் கம்பெனியில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஊழியர்கள் அத்தனை பேரும் இல்லாமல் போனார்கள். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. அறுபத்து நான்கு பேரும் அவரவர் நாற்காலியில்தான் இருந்தார்கள். விரல் ரேகை மெஷினில் எல்லோருடைய வருகையும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. நிறுவனர் அனந்தபத்மநாபன் மைக்கைப் பிடித்து, "இன்னையிலருந்து இந்தக் கம்பெனியில எம்ப்ளாயின்னு ஒருத்தர்கூடக் கிடையாது" என்று அறிவித்தார். அத்தோடு காரியம் முடிந்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சாய்குமாருக்கு முதலில் புரியவில்லை. கைதட்டினார்கள், அவனும் தட்டினான். ஆனையூரிலிருந்து ஒத்தக்கடைக்கு ஆறு வருஷமாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறவன். சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால்களிலிருந்து வெற்றிலையையும், சுற்றுவட்டாரத்திலிருந்து வாழை இலையையும் பூவையும் கடைகளுக்கு ஆப் மூலமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கம்பெனியின் தொழில். வாடிய வெற்றிலைக்கும் கிழிந்த இலைக்கும் கடைக்காரர்கள் போனில் திட்டுவார்கள். அந்தத் திட்டை வாங்கிப் பதிந்து மன்னிப்புக் கேட்பது சாய்குமாரின் தொழில். அதை அவன் நன்றாகவே செய்துவந்தான்.

அந்தக் கம்பெனியை நடத்தியது வெற்றிலை அல்ல, ஹஸில் என்ற ஒரு சொல். அனந்தபத்மநாபன் மேலமாசி வீதியில் பிறந்து பெங்களூரில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, அந்தச் சொல்லோடு ஊர் திரும்பியவர். சொல் ஒன்றுதான் என்றாலும் அதன் பொருள் வருஷத்துக்கு வருஷம் சுற்றறிக்கை மூலம் மாறியது.

முதல் வருஷம் ஹஸில் என்றால் சுறுசுறுப்பு. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டித்தான் ஏற வேண்டும் என்று உத்தரவு. கணக்குப் பிரிவில் ஒருவர் தாண்டி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருக்கு 'வேகவீரர்' என்று எழுதிய பனியன் கொடுத்தார்கள். கட்டுப் போட்ட கையை அதற்குள் நுழைக்க முடியவில்லை. இரண்டாவது வருஷம் ஹஸில் என்றால் வீட்டுக்குப் போகாமலிருப்பது. நிறுவனர் கிளம்பட்டும் என்று ஊழியர்களும், ஊழியர்கள் கிளம்பட்டும் என்று நிறுவனரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்து ஹஸில் என்றால் பக்கத்தொழில். ஆளுக்கொரு வியாபாரம் கட்டாயம் என்றதும், மனிதவளம் பார்த்த ராஜஸ்ரீ நைட்டி விற்றாள், கணக்குப் பிரிவு ஊதுபத்தி விற்றது, வெளியாள் ஒருவர்கூட வாங்காததால் எல்லோரும் ஒருவருக்கொருவர் விற்றுத் தீர்த்தார்கள். ஆறே மாதத்தில் அடுத்த சுற்றறிக்கை வந்து, பக்கத்தொழில் செய்த துரோகத்துக்கு எல்லோரிடமும் விளக்கம் கேட்டது.

அந்தச் சமயத்தில் சாய்குமார் அகராதியைப் புரட்டிப் பார்த்தான். 'முண்டியடித்துத் தள்ளு' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, 'ஏமாற்றிப் பறி'. அவன் அகராதியை மூடி அலமாரியில் வைத்துவிட்டான்.

இப்போது புதுப்பொருள் வந்துவிட்டது. ஹஸில் என்றால் உரிமை.

"நீங்க எல்லாரும் இனிமே தொழில்முனைவர்" என்றார் நிறுவனர். கறுப்பு பனியன் போட்டிருந்தார். தன்னை எல்லோரும் 'ப்ரோ' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. வாய் வராமல் எல்லோரும் 'ப்ரோ சார்' என்றார்கள். "சம்பளம்கிற சங்கிலிய இன்னைக்கு நான் அறுத்துட்டேன். சம்பளம் கிடையாது, பங்கு. லீவு கிடையாது. ஓனருக்கு ஏதுய்யா லீவு? யாருகிட்டக் கேப்பான்?"

விரல் ரேகை மெஷின் மட்டும் இருக்கும் என்றும், அதற்கு இனி 'ஈடுபாட்டு மீட்டர்' என்று பெயர் என்றும் சொன்னார்.

சாய்குமாரின் கை தானாக மேலே போனது. அவன் சட்டைப்பையில் கிடந்த போனில், காலையில் மருத்துவமனையிலிருந்து வந்த செய்தி இருந்தது. மனைவி இந்துப்ரியாவுக்குக் கம்பெனி இன்சூரன்ஸில் வியாழக்கிழமை ஆபரேஷன் உறுதி, புதன் மதியம் வந்து சேரவும்.

"ப்ரோ சார், இன்சூரன்சு?"

"அருமையான கேள்வி சாய். இன்சூரன்ஸ் யாருக்கு வேணும்? பயப்படுறவனுக்கு. ஓனர் பயப்படலாமா? நான் பயந்திருந்தா இந்தக் கம்பெனி வந்திருக்குமா?"

நிறுவனர் தமக்கும் தம் பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும் தனியே ஒரு இன்சூரன்ஸ் வைத்திருந்தார். அதற்கான தாள்களை நிரப்பியவள் ராஜஸ்ரீ. அவள் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இன்சூரன்ஸ் மேஜையில் இருக்கும் பாண்டிமீனா பேசினாள்.

"அண்ணே, ஒரு சிக்கல்ண்ணே. ஒங்க கம்பெனியிலருந்து இன்சூரன்ஸ்காரங்களுக்கு நேத்து மெயில் போயிருக்கு. எங்ககிட்ட ஊழியர்னு யாருமே இல்லைன்னு. அப்ப இவரு யாருன்னு அவங்க கேக்குறாங்க."

"நான் ஆபீஸ்லதாம்மா இருக்கேன். இப்பக்கூட சீட்லதான் உக்காந்திருக்கேன்."

"எனக்குத் தெரியுதுண்ணே. பேப்பர்ல தெரியணும்ல? கம்பெனி லெட்டர்ல, ஓனர் கையெழுத்தோட, இவரு எங்க ஊழியர்னு வேணும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள. அஞ்சுக்கு மேல பாக்க மாட்டாங்க. தியேட்டர வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. டாக்டரம்மா அடுத்த வாரம் ஊர்லயும் இல்ல."

கர்ப்பப்பையில் கட்டி. நாலு மாதமாக ரத்தப்போக்கு. இந்துப்ரியா வீட்டுப் படியில் நாலு படிக்கு ஒருதரம் உட்கார்ந்து எழுந்துதான் ஏறினாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி இப்போதுதான் உடம்பை ஆபரேஷனுக்குத் தேற்றியிருந்தார்கள். தள்ளிப்போட்டால் தேற்றியது அத்தனையும் திரும்ப இறங்கிவிடும் என்று டாக்டர் ஏற்கனவே எச்சரித்திருந்தார். கையிலிருந்து பணம் கட்டிச் செய்துகொள்ளும் நிலையில் அவர்கள் இல்லை.

சாய்குமார் ராஜஸ்ரீயிடம் போனான். அவள் மேஜையில் புதுப் பலகை இருந்தது: 'மக்கள் ஆற்றல் தொழில்முனைவர்.'

"மேடம், ஒரு லெட்டர் வேணும். நான் இங்க ஊழியர்னு."

ராஜஸ்ரீ குரலைத் தாழ்த்தினாள். "அது முடியாதே சாய். நேத்து மெயில் அனுப்புனதே நான்தான். அவர் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல அடிச்சேன்."

"அப்ப, ஊழியரா இருந்தாருன்னாவது..."

"இருந்தாருன்னு குடுக்கலாம். அதுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது." அவள் ஒரு பட்டியலைப் புரட்டினாள். "ப்ரோ சார்கிட்டயே கேளுங்க. ஆனா நேரா போய்ப் பேச முடியாது. தொழில்முனைவர் யாரா இருந்தாலும் பிட்ச் பண்ணித்தான் பேசணும்னு இன்னைலருந்து ரூல். நாளைக்குப் பதினொரு மணிக்கு ஒரு இடம் இருக்கு. மூணு நிமிஷம். போட்டுறவா?"

"பிட்ச்னா?"

"பிரச்சினை, தீர்வு, மார்க்கெட் எம்புட்டுப் பெருசு. இந்த மூணும் சொல்லணும்."

மதியம் வண்டியை எடுக்க அவன் கீழே வந்தபோது, வாசல் காவலர் கருத்தக்கண்ணன் ஓடிவந்து வழியை மறித்தார்.

"அண்ணே, ஒரு ஒதவி. வெளிய போயிட்டுத் திரும்ப உள்ள வாங்க. ரெண்டு தடவ போதும்."

"எதுக்குண்ணே?"

"நான் வாசல் தொழில்முனைவராம்ணே. உள்ள வார ஆளுக்கு ஒரு ரூவா கணக்காம். காலையிலருந்து எழுபது பேருகூட வரல. கீழ டைல்ஸ் கடைக்கு வந்த ஒரு குடும்பத்த மேல கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். அவுக பாத்ரூம் டைல்ஸ் எங்கன்னு கேட்டுத் திட்டுறாக."

சாய்குமார் இரண்டு தடவை வெளியே போய் உள்ளே வந்தான். அவனுடைய பங்கும் அதே மாதிரிதான். தீர்த்து வைக்கும் புகார் ஒன்றுக்கு இவ்வளவு என்று வைத்திருந்தார்கள். 'புகார் குறைந்தால் உங்கள் சந்தை சுருங்கும். கடைக்காரர்களைப் புகார் செய்ய ஊக்குவியுங்கள்' என்று ஒரு குறிப்பும் வந்திருந்தது.

புதன்கிழமை பதினொரு மணி. பிட்ச் அறையில் நிறுவனர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நேரம் பார்க்க ராஜஸ்ரீ. கம்பெனியின் இணையப் பக்கத்துக்காக வீடியோ எடுக்க ஒரு ஆள். தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் வட்டத்துக்குள் சாய்குமார் நின்றான்.

"சொல்லு சாய். பிரச்சினை என்ன?"

"என் வீட்டுக்காரிக்குக் கர்ப்பப்பையில கட்டி, ப்ரோ சார்."

"ஓகே. தீர்வு?"

"ஆபரேஷன். அதுக்கு நீங்க ஒரு லெட்டர் தரணும். நான் ஊழியர்னு."

"மார்க்கெட் சைஸ்?"

ராஜஸ்ரீயின் கையிலிருந்த கடிகாரத்தில் விநாடிகள் ஓடின.

"ஒருத்திதான் சார்" என்றான்.

நிறுவனர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இங்கதான் நீ தப்பு பண்ற. ஒருத்திய வச்சு ஸ்கேல் பண்ண முடியாது. மதுரை ஜில்லாவுல இதே கட்டி எத்தனை லட்சம் பேருக்கு இருக்கும், யோசிச்சியா? கண்ணு முன்னால மார்க்கெட் கெடக்கு, நீ லெட்டர் கேட்டுக்கிட்டு நிக்கிற."

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும் சார். இல்லேன்னா ஆபரேஷன் நின்னுரும்."

"டெட்லைன்! இதுதான் எனக்குப் புடிக்கும்." நிறுவனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா லெட்டர்ல நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்? நீ எம்ப்ளாயி ஆயிருவ. முந்தாநாள் உன்னைய ஓனர் ஆக்கிட்டு இன்னைக்கு நானே கீழ தள்ளுனதா ஆயிரும். அந்தப் பாவத்த நான் பண்ண மாட்டேன் சாய். பி.எஃப்., லீவு, இன்சூரன்ஸ்னு குடுத்துக் குடுத்து இந்த சிஸ்டம் மனுசன முடமாக்கி வச்சிருக்கு. அம்புட்டையும் உங்க தோள்லருந்து எடுத்து நான் சுமக்குறேன். தெரியுமா உனக்கு?"

"நீங்க சுமக்குறீங்களா சார்?"

"மென்டலா."

மூன்று நிமிஷம் முடிந்து மணி அடித்தது. நிறுவனர் கையை உயர்த்தி அதை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"ஒரு நிமிஷம். நாளைக்கு உள்ள ஆபரேஷன் நடக்குது. வெளிய வராந்தாவுல நீ லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டுப் புகார் எடுக்குற. நம்ம ஆளு வந்து வீடியோ எடுப்பான். நடுவுல டாக்டர் வந்து ஏதோ சொல்றாரு, நீ ஒரு கையால கண்ணத் தொடைச்சுக்கிட்டு இன்னொரு கையால டைப் பண்ற. வராந்தா ஹஸில்! தமிழ்நாடே பாக்கும்."

"லெட்டர் இல்லேன்னா ஆபரேஷனே கிடையாது சார்."

"வராந்தா இருக்கும்ல?" என்றார் நிறுவனர்.

சாய்குமார் மஞ்சள் வட்டத்தை விட்டு வெளியே வந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினான். ஒரு மணிக்கு இந்துப்ரியா போன் செய்தாள். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிர மொழி. சுற்றி ஆட்கள் இருந்ததாலோ என்னவோ அன்று தமிழில் பேசினாள்.

"ஏங்க, நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். பேப்பர் வந்தாத்தான் ரூம் தருவாங்களாம். ரிசப்ஷன்ல உக்காந்திருக்கேன். லெட்டர் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டு வாரேன்."

"குடுத்துருவாங்கள்ல?"

"குடுப்பாங்க" என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கீச்சென்று வந்தது.

ஒன்றரை மணிக்கு எல்லோருடைய போனிலும் ஒரே நேரத்தில் அறிவிப்பு வந்தது. சாய்குமார் அதை மூன்று தடவை படித்தான்.

'இன்று மதியம் முக்கிய விருந்தினர் வருகை. எனவே அனைத்துத் தொழில்முனைவோரும் இரண்டரை மணி முதல் நான்கரை மணி வரை ஊழியர்களாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். நான்கரைக்குப் பின் வழக்கம்போல்.'

அவன் ராஜஸ்ரீயைத் தேடி ஓடினான். அவள் பழைய பெயர்ப்பலகையை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தென்மண்டல இளந்தொழிலதிபர் மன்றத்துல ஒரு விருது குடுக்குறாங்க" என்றாள் மெதுவாக. "அதிகம் பேருக்கு வேலை குடுத்த இளைஞர்னு. அது கெடச்சா அடுத்து பெரிய கடன் ஈசியா வாங்கலாம். இத்தனை ஊழியர் இருக்காங்கன்னு சரிபாக்க ஒரு ஆளு வாராரு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேப்பாராம். புகார்ப் பிரிவு கடைசி."

"எத்தனை மணிக்கு என் முறை வரும்?"

"தெரியாது சாய்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ வேகமாக அடிக்க ஆரம்பித்தாள்.

வந்தவர் சிவசங்கரன். அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்புப் பார்த்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் சொந்தப் பேனா. நிறுவனர் ஓடிப்போய் நாற்காலி போட்டார்.

"சார், அறுபத்து நாலு அடுப்பு இந்தக் கம்பெனியால எரியுது. இவங்க என் ஊழியர்கள் இல்ல சார், என் குடும்பம்."

சிவசங்கரன் பேனாவை மூடினார். "குடும்பம்னா இந்த விருதுல சேராது. ஊழியரா, குடும்பமா?"

"ஊழியர்தான் சார்."

பேனா திறந்தது. பெயர், வேலை, சேர்ந்த தேதி. ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவர் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டி எழுதி, அந்த ஆளிடமே காட்டிச் சரிதானா என்று கேட்டு, வரிக்கு வரி நிறுவனரிடம் கையெழுத்து வாங்கினார். மூன்றே காலுக்குக் கருத்தக்கண்ணனின் முறை வந்தது.

"வேலை?"

கருத்தக்கண்ணன் நிறுவனரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "இப்ப மணி என்னங்க?"

"மூணே கால்."

"அப்பச் செக்யூரிட்டிங்க."

நிறுவனர் இருமினார். சிவசங்கரன் அதை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்றேமுக்காலுக்கு நாற்பத்து மூன்றாவது ஆள். நான்கு பத்துக்கு ஐம்பத்தாறு. வரிசையின் வாலில் நின்ற சாய்குமாரின் போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. பாண்டிமீனா. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது? நான்கு இருபதுக்கு சிவசங்கரன் காபி கேட்டார். காபி வந்து, ஆறி, அவர் குடித்து முடிக்கும்வரை வரிசை நகரவில்லை. சாய்குமார் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான்கு இருபத்தெட்டுக்கு நிறுவனர் எழுந்தார். "சார், இன்னும் அஞ்சு பேருதான். நானே எழுதித் தந்துர்றேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"பாக்காத ஆளை நான் எழுதுறதில்லை" என்றார் சிவசங்கரன்.

அறுபத்து நான்காவது ஆளாகச் சாய்குமார் மேஜை முன்னால் போய் நின்றபோது சுவர்க் கடிகாரத்தில் நான்கு முப்பத்தேழு. அறிவிப்பின்படி அவன் ஊழியனாக இருந்த காலம் முடிந்து ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

"பெயர்?"

"சாய்குமார் சார்."

"வேலை?"

நிறுவனர் அவனையே பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று சாய்குமாருக்கு நன்றாகவே தெரிந்தது. ரிசப்ஷனில் மடியில் பையோடு உட்கார்ந்திருப்பவளை நினைத்துக்கொண்டான்.

"ஊழியர் சார். புகார்ப் பிரிவு. ஆறு வருஷம்." மூச்சை இழுத்துக்கொண்டான். "சார், ஒரு விண்ணப்பம். இதையே கம்பெனி லெட்டர்ல முதலாளி கையெழுத்தோட எனக்குத் தரச் சொல்ல முடியுமா? நாளைக்கு என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில குடுக்கணும்."

சிவசங்கரன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிறுவனரைப் பார்த்தார்.

"குடுக்குறதுல சிரமம் ஒண்ணும் இல்லையே?"

நிறுவனரின் தாடை ஒருமுறை அசைந்தது. பிறகு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. "சேச்சே, என்ன சார் சிரமம்! என்ன சாய், இதை முன்னாடியே கேட்டிருக்கலாம்ல ப்ரோ?"

"இனிமேத்தான் டைப் பண்ணணும், நேரமாகுமே..." என்று அவர் இழுக்கும்போதே, ராஜஸ்ரீ கோப்புக்குள்ளிருந்து ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தாள். பெயர், பதவி, தேதி எல்லாம் அடித்துத் தயாராக இருந்தது. நிறுவனர் அவளைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

சாய்குமார் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினான். மாடியில் அந்த நேரம் பார்த்துச் சிக்னல் இல்லை. படியில் பாய்ந்து இறங்கி, டைல்ஸ் கடை வாசலில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். போனது. உடனே பாண்டிமீனா கூப்பிட்டாள்.

"அண்ணே, சீல் இல்லண்ணே!"

"என்னது?"

"கம்பெனி சீலு. சீல் இல்லாம எடுக்க மாட்டாங்க. மணி நாலு நாப்பத்தெட்டு, ஓடுங்கண்ணே!"

மேலே ஓடினான். யாரும் உத்தரவிடாமலே படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினான். சிவசங்கரனை வழியனுப்ப நிறுவனர் வாசல்வரை வந்திருந்தார். இருவருக்கும் நடுவில் நுழைந்து போனான். ராஜஸ்ரீயின் மேஜையில் மை காய்ந்திருந்தது. அவள் சீலில் எச்சில் தொட்டு வைத்து அழுத்தினாள். பாதி விழுந்தது. மறுபடியும் அழுத்தினாள்.

நான்கு ஐம்பத்தைந்துக்குப் போட்டோ போனது. அவன் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கருத்தக்கண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கவில்லை, பாட்டிலைப் பிடித்துக்கொண்டே போனைப் பார்த்தான். ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டுக்கு மூன்று சொல்லில் செய்தி வந்தது: 'அப்ரூவல் வந்துருச்சு அண்ணே.'

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இந்துப்ரியாவை உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் லேப்டாப் இல்லாமல் சாய்குமார் உட்கார்ந்திருந்தான். ஒன்பதே காலுக்கு ஈடுபாட்டு மீட்டரிலிருந்து 'நீங்கள் ஈடுபடவில்லை' என்று செய்தி வந்தது. பத்து மணிக்கு ராஜஸ்ரீ பேசினாள்.

"சாய், அவரு கொதிச்சுப்போயிருக்காரு. உங்கள நீக்கணும்னு காலையிலருந்து குதிக்கிறாரு."

"நீக்கிட்டாரா மேடம்?"

"எப்படி நீக்குறது? ஊழியராத்தான் நீக்க முடியும். ஊழியர்னு எழுதினா மத்த அறுபத்து மூணு பேரும் வந்து நிப்பாங்கன்னு பயம். எழுதாம நீக்கவும் முடியாது, லிஸ்ட்டு அந்தப் பெரியவர்கிட்ட இருக்கு. விருது அடுத்த மாசம். அதுக்குள்ள ஒரு தலை குறைஞ்சாலும் அவரு திரும்ப வந்து எண்ணுவாராம். போகும்போது சொல்லிட்டுத்தான் போனாரு."

"அப்ப நான் இப்ப யாரு?"

"அது அவருக்கே தெரியல. அதான் கொதிக்கிறாரு."

பத்தரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். சாய்குமார் இந்துப்ரியாவின் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி போனில் ஒரு விண்ணப்பம் எழுதினான்.

'ஐயா, தங்கள் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் ஊழியராகப் பணிபுரியும் நான், என் மனைவியின் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சையை முன்னிட்டுப் பத்து நாள் விடுப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல்: திரு. சிவசங்கரன் அவர்கள், தென்மண்டல இளந்தொழிலதிபர் மன்றம்.'

பதினொரு நிமிஷம் பதில் இல்லை. பன்னிரண்டாவது நிமிஷம் வந்தது: 'விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. டேக் கேர் ப்ரோ.'

மாலையில் கருத்தக்கண்ணன் போன் செய்தார். முதலில் இந்துப்ரியாவை விசாரித்தார். அப்புறம் தயங்கினார். "அண்ணே, அந்த லீவு லெட்டர எப்பிடி எழுதுனீக? எனக்கு ஒரு காப்பி அனுப்புங்களேன். கையோட கேக்குறாக நாலஞ்சு பேரு."

சாய்குமார் அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை காலை நிறுவனரின் மெயிலுக்கு அறுபத்து மூன்று விடுப்பு விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. அத்தனையிலும் 'ஊழியராகப் பணிபுரியும் நான்' என்று இருந்தது. அத்தனைக்கும் சிவசங்கரனுக்கு நகல் போயிருந்தது. இருபத்தேழு பேர் காரணத்தை மாற்ற மறந்திருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை. கடைசி விண்ணப்பம் ராஜஸ்ரீயுடையது.

மருத்துவமனை அறையில் இந்துப்ரியா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குச் சாய்குமாரின் போன் மணியடித்தது.

"என்னங்க, ஆபீஸா?" அவள் முகம் சுருங்கியது.

"சுற்றறிக்கை." அவன் படித்தான். "'ஹஸில் என்பதன் ஆழமான பொருளை நம் நிறுவனம் கண்டடைந்துள்ளது. ஓய்வே உண்மையான ஹஸில். எனவே இன்று அனைவருக்கும் நிறுவனரே முன்வந்து விடுப்பு வழங்குகிறார்.'"

இந்துப்ரியா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"ஓய்வுக்கும் டார்கெட் வச்சிருப்பாங்களே. கீழ தள்ளிப் பாருங்க."

சாய்குமார் தள்ளிப் பார்த்தான். "வச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் தூங்கி, எழுந்ததும் போட்டோ அனுப்பணும். அதிகம் தூங்குறவருக்குப் பனியன்."

அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட அவன் எழுந்தான்.

"உக்காருங்க" என்றாள் கண்ணில் நீரோடு. "மேல படிக்காதீங்க. சிரிச்சா தையல் இழுக்குது."